விமானம் இறங்கியாச்சு, ஊர் போய்ச் சேரவில்லை: சிக்கல் எங்கே என்று பார்த்துச் சரிசெய்ய

விமானம் இறங்குகிற ஊர் ஒன்று, நீங்கள் போக வேண்டிய ஊர் வேறொன்று. நடுவில் ரயிலோ பஸ்ஸோ பிடித்துப் போக வேண்டிய ஒரு துண்டுப் பயணம் மிச்சம் இருக்கிறது. விமான கம்பெனிக்கு உங்கள் ரயிலைப் பற்றிக் கவலை இல்லை. ரயில்காரர்களுக்கு உங்கள் விமானம் வந்ததா இல்லையா என்றே தெரியாது. இடையில் இருக்கும் அந்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்குப் பொறுப்பாளி என்று யாரும் கிடையாது. அதற்கு நீங்கள்தான் ஸ்டேஷன் மாஸ்டர். இந்தப் பயணத்தில் நான் பட்ட அவதிகள் எல்லாமே அந்த இடைவெளியில் முளைத்தவைதான்.

வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் நிலைமை எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அங்கே போங்கள். முதல் மூன்றும் டிக்கெட் எடுக்கும் முன் வீட்டில் உட்கார்ந்து பார்க்க வேண்டியவை. மற்றவை இறங்கிய பிறகு.

## தேடினால் வழியே வரவில்லை, அல்லது நம்ப முடியாத நேரம் காட்டுகிறது

முதலில் விமான நிலையத்தின் பெயரைச் சந்தேகப்படுங்கள். பெயரில் ஒரு பெரிய நகரம் இருப்பதால் அது அந்த நகரத்தில் இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஃபிராங்க்ஃபர்ட்-ஹான் விமான நிலையம் ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர். பாரிஸ் என்று விற்கப்படும் பொவே சுமார் 85 கிலோமீட்டர். ஸ்டாக்ஹோம் பெயரை ஒட்டவைத்துக்கொண்ட ஸ்காவ்ஸ்டா கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர். டிக்கெட் மலிவாக இருந்ததற்குக் காரணம் இங்கே புரியும்.

எனவே ஊர்ப் பெயரை விட்டுவிட்டு மூன்றெழுத்துக் குறியீட்டைப் பாருங்கள். அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. சில குறியீடுகள் விமான நிலையத்துக்கு உரியவை அல்ல, நகரத்துக்கு உரியவை. எல்.ஓ.என். என்றால் லண்டன் முழுவதும்: ஹீத்ரூ, கேட்விக், ஸ்டான்ஸ்டெட், லூட்டன், சிட்டி எல்லாம் அதில் அடக்கம். ஹீத்ரூ மட்டும் வேண்டுமென்றால் எல்.எச்.ஆர். டோக்கியோவுக்கும் இதே கதைதான். நரிட்டா விமான நிலையம் டோக்கியோவிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, ஹனேடா பக்கத்திலேயே இருக்கிறது. இதில் எது என்பதை வைத்து உங்கள் அடுத்த ரயிலின் நேரமே மாறும்.

குறியீடு சரியாக இருந்தும் வழி வரவில்லையா? ஊரின் பெயரை அந்த ஊர்க்காரர்கள் எழுதுகிற மாதிரி போட்டுப் பாருங்கள். வியன்னா அங்கே வீன், மியூனிக் அங்கே மூன்ஷன், ஃபிளாரன்ஸ் ஃபிரென்ஸே, பிராக் பிராஹா. நல்ல தேடுதளங்கள் இரண்டையும் புரிந்துகொள்ளும். ஆனால் ஸ்டேஷன் போர்டும் வண்டியின் நெற்றியில் ஓடும் எழுத்தும் உங்களுக்காக மொழிபெயர்த்துக் காட்டாது, அதனால் உள்ளூர்ப் பெயரை எப்படியும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். இன்னொன்று: ஜெர்மனியில் ஃபிராங்க்ஃபர்ட் இரண்டு உண்டு. மைன் ஆற்றங்கரையில் இருப்பது விமான நிலையம் உள்ள பெரிய நகரம். ஓடர் ஆற்றங்கரையில் இருப்பது போலந்து எல்லையில்.

அப்புறம் தேதி. ரயில் கால அட்டவணை எப்போதும் கைவசம் இருக்காது. ஐரோப்பாவில் டிசம்பர் நடுவில் ஒரு வார இறுதியில் மொத்த அட்டவணையும் மாறும். அதற்கு அப்பால் உள்ள தேதியைச் சீக்கிரமே தேடினால் ஒன்றும் வராது. ஜப்பானில் இருக்கைப் பதிவு பயண நாளுக்குச் சரியாக ஒரு மாதம் முன்பு காலை 10 மணிக்குத்தான் திறக்கும். இந்த மாதிரி நேரங்களில், வண்டி ஓடுகிறதா என்று தெரிந்துகொள்ள அடுத்த வாரத்தின் அதே கிழமையைப் போட்டுப் பாருங்கள். கிழமை முக்கியம். ஞாயிற்றுக்கிழமை அட்டவணை வேறு.

ரயில் மட்டும் காட்டுகிற தளத்தில் பஸ்ஸைத் தேடி ஏமாறுகிறவர்களும் உண்டு. விமான நிலையத்தின் சொந்த இணையதளத்தில் 'போக்குவரத்து' என்றிருக்கும் பக்கத்தைத் திறங்கள். அங்கிருந்து கிளம்பும் வெளியூர்ப் பஸ்கள் பெரும்பாலும் அங்கே பட்டியலாக இருக்கும்.

நண்பர் அனுப்பிய பழைய பயணக் குறிப்பை நம்பி உட்கார்ந்திருந்தால் அதையும் சரிபாருங்கள். பெர்லினில் 2020 அக்டோபரில் புதிய விமான நிலையம் வந்து, அடுத்த மாதமே பழைய டேகல் மூடப்பட்டுவிட்டது. இஸ்தான்புல்லின் அட்டாடர்க் 2019இல் பயணிகளுக்கு மூடப்பட்டது. சியோலின் இன்ச்சான் விமான நிலையத்திலிருந்து நேராகப் புறப்பட்டுக்கொண்டிருந்த அதிவேக ரயில் 2018இல் நிறுத்தப்பட்டது. பாங்காக்கில் தொலைதூர ரயில்களில் பெரும்பாலானவை 2023 ஜனவரியில் பழைய ஹுவா லம்போங் ஸ்டேஷனை விட்டுப் புது ஸ்டேஷனுக்குப் போய்விட்டன. குறிப்பு எழுதியவர் பொய் சொல்லவில்லை, அவர் போன வருடம் வேறு.

## எல்லா வழியும் நகரத்தின் நடுவுக்குப் போய், அங்கிருந்து மாறச் சொல்கிறது

இதைத்தான் நான் மிகவும் கவனிக்கச் சொல்வேன். 'முதலில் சிட்டிக்குப் போ, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்பது பழக்கத்தில் வருகிற யோசனை. பெட்டியோடு ஒரு பெருநகரத்தின் நெரிசலுக்குள் நுழைந்து வெளியே வருவதற்குப் பதிலாக, பல இடங்களில் விமான நிலையத்திலிருந்தே நேராக அடுத்த ஊருக்குப் போகலாம்.

சூரிச், ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிப்போல், கோபன்ஹேகன், ஃபிராங்க்ஃபர்ட், பாரிஸின் ஷார்ல் தெகோல் ஆகிய விமான நிலையங்களில் ஸ்டேஷன் கட்டடத்துக்குள்ளேயே அல்லது அதை ஒட்டியே இருக்கிறது. வெளியூர் வண்டிகள் அங்கேயே நிற்கும். ஷார்ல் தெகோலில் இறங்கி லியோன் போக வேண்டிய ஒருவர் பாரிஸுக்குள் போய் கார் து நோர் ஸ்டேஷனில் இறங்கி, அங்கிருந்து கார் து லியோன் ஸ்டேஷனுக்கு மாறி அலைய வேண்டாம். இரண்டாவது டெர்மினலில் உள்ள ஸ்டேஷனிலிருந்தே லியோனுக்கு அதிவேக ரயில் இருக்கிறது. நியூயார்க் பக்கம் நெவார்க்கில் இறங்கி ஃபிலடெல்ஃபியா போகிறவருக்கும் அப்படித்தான்: நியூயார்க்குக்குள் போனால் எதிர்த்திசையில் போகிறீர்கள் என்று அர்த்தம். விமான நிலைய ஸ்டேஷனிலேயே தெற்கு நோக்கிப் போகும் வண்டி நிற்கும்.

வியன்னாவில் வேறு மாதிரிச் சிக்கல். பச்சை நிறத்தில் ஒரு விமான நிலைய எக்ஸ்பிரஸ் இருக்கிறது, விளம்பரம் எல்லாம் அதற்குத்தான். அது நேராக வீன் மிட்டே ஸ்டேஷனுக்குப் போய் நின்றுவிடும். நீங்கள் லின்ஸுக்கோ சால்ஸ்பர்க்குக்கோ போக வேண்டுமென்றால் அது உங்கள் வண்டி இல்லை. விமான நிலையத்திலிருந்தே ரெயில்ஜெட் என்ற வெளியூர் வண்டி தலைமை ஸ்டேஷன் வழியாக அங்கே போகிறது. 'விமான நிலைய எக்ஸ்பிரஸ்' என்று பெயர் வைத்த எதுவும் பொதுவாக நகரத்துக்குள் போகிறவர்களுக்கானது. வெளியூர்ப் பயணி அதைப் பார்த்ததும் ஒரு நிமிடம் நிதானிக்க வேண்டும்.

கோலாலம்பூரில் இந்த நிதானம் நேரடியாகப் பலன் தரும். மலாக்கா போகிறவர் நகரத்தின் நடுவில் உள்ள கே.எல். சென்ட்ரல் வரை போகத் தேவையில்லை. விமான நிலையத்திலிருந்தே மலாக்காவுக்குப் பஸ் உண்டு. அது கிடைக்காவிட்டால், ரயிலில் பண்டார் தாசிக் செலாத்தானில் இறங்கினால் பக்கத்திலேயே தெற்கு நோக்கிப் போகும் பஸ்களின் பெரிய நிலையம். ஆனால் ஒரே தண்டவாளத்தில் இரண்டு வண்டி ஓடுகிறது: 'எக்ஸ்பிரஸ்' நடுவில் எங்கும் நிற்காது, 'டிரான்சிட்' தான் அங்கே நிற்கும். வேகமான வண்டியில் ஏறினால் தாமதமாகப் போய்ச் சேர்வீர்கள்.

ரயிலை மட்டும் நினைக்காதீர்கள். பாங்காக்கின் சுவர்ணபூமியிலிருந்து பட்டாயாவுக்கும், ஹீத்ரூவிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டுக்கும், இன்ச்சானிலிருந்து கொரியாவின் பல ஊர்களுக்கும் நேர் பஸ் இருக்கிறது. ஹீத்ரூவிலிருந்து மேற்கே பிரிஸ்டல் பக்கம் போகிறவர்கள் ரெடிங் வரை பஸ்ஸில் போய் அங்கே ரயில் பிடிப்பது பழைய உத்தி.

நகரத்துக்குள் போய்த்தான் ஆக வேண்டும் என்றால், எந்த ஸ்டேஷன் என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். லண்டனில் திசைக்கு ஒரு ஸ்டேஷன்: மான்செஸ்டருக்கு யூஸ்டன், எடின்பரோவுக்கு கிங்ஸ் கிராஸ், கார்டிஃபுக்கு பாடிங்டன், பிரைட்டனுக்கு விக்டோரியா. 'லண்டன் ஸ்டேஷன்' என்று ஒன்று கிடையாது.

## விமானத்துக்கும் ரயிலுக்கும் நடுவே எவ்வளவு நேரம் விடுவது?

டிக்கெட்டில் உள்ள வருகை நேரம் விமானம் வாசலில் வந்து நிற்கிற நேரம். நீங்கள் பிளாட்பாரத்தில் நிற்கிற நேரம் இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருப்பவை: கடைசி வரிசையில் இருந்து இறங்குவது, விமானம் கட்டடத்தோடு ஒட்டி நிற்காமல் நடுவெளியில் நின்றால் பஸ், இமிகிரேஷன் வரிசை, பெட்டி, கஸ்டம்ஸ், டெர்மினல் மாற்றம், டிக்கெட் மெஷின், பிளாட்பாரம் தேடுவது.

ஒருமுறை நான் எழுபது நிமிடம் விட்டு ரயில் போட்டேன். விமானம் சொன்ன நேரத்துக்கு வந்தது, அதில் ஒரு குறையும் இல்லை. அதே நேரத்தில் இன்னும் இரண்டு பெரிய விமானங்களும் சொன்ன நேரத்துக்கு வந்திருந்தன. இமிகிரேஷன் வரிசையில் நின்றபடியே என் வண்டி 'புறப்பட்டது' என்று போனில் மாறுவதைப் பார்த்தேன். யாரையும் திட்ட முடியவில்லை.

அதற்குப் பிறகு என் கணக்கு இது. வெளிநாட்டு வருகை, பெட்டி சரக்கில்: குறைந்தது இரண்டரை மணி நேரம். கைப்பை மட்டும், இமிகிரேஷன் இல்லை: ஒன்றேகால் மணி நேரம். நாளின் கடைசி வண்டியை இரண்டிலும் நம்புவதில்லை. நான் போடுகிற வண்டிக்குப் பிறகும் ஒரு வண்டியாவது இருக்க வேண்டும்.

நேரத்தை விட டிக்கெட்டின் வகை முக்கியம். மலிவு டிக்கெட் பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட வண்டியோடு கட்டப்பட்டது. பிரிட்டனில் 'அட்வான்ஸ்', ஜெர்மனியில் 'ஷ்பார்ப்ரைஸ்' இந்த ரகம். அந்த வண்டி போனால் டிக்கெட்டும் போச்சு. விமானம் தாமதம் என்பது அங்கே காரணமாக எடுபடாது. பிரிட்டனின் 'எனிடைம்', ஜெர்மனியின் 'ஃப்ளெக்ஸ்ப்ரைஸ்' மாதிரி டிக்கெட்டில் அடுத்த வண்டியில் ஏறிக்கொள்ளலாம். விலை வித்தியாசம் அதிகமாக இருந்தால் மலிவு டிக்கெட்டையே எடுங்கள், ஆனால் தேவைக்கு மேல் ஒன்றரை மணி நேரம் தள்ளி எடுங்கள்.

இன்னொரு வழி, விமானத்தையும் ரயிலையும் ஒரே பதிவாக வாங்குவது. லுஃப்தான்சாவும் ஏர் ஃபிரான்ஸும் இப்படி விற்கின்றன. விமானம் தாமதமாகி ரயில் தவறினால் வேறு வண்டியில் ஏற்றி அனுப்புவது அவர்கள் பாடு. தனித்தனியாக வாங்கினால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதி விமானத் தாமதத்துக்கு இழப்பீடு தரும். அதை நம்பித் தனியாக வாங்கிய ரயில் டிக்கெட்டைப் பணயம் வைக்காதீர்கள்.

நள்ளிரவு விமானமா? தேதியை இரண்டு தடவை பாருங்கள். 14ஆம் தேதி கிளம்பி இரவு 12:40க்கு இறங்கினால் அது 15ஆம் தேதி. ரயிலை 14க்குப் போட்டுவிட்டு, ஏறுகிற போதுதான் கண்டுபிடிக்கிறவர்கள் ஏராளம்.

## இறங்கிவிட்டேன், போன் ஒத்துழைக்கவில்லை

விமான நிலைய வை-ஃபை சில இடங்களில் ஓ.டி.பி. கேட்கும். அந்த ஓ.டி.பி. வர சிம் வேலை செய்ய வேண்டும். சிம் வேலை செய்தால் வை-ஃபை எதற்கு என்று கேட்டால் பதில் இல்லை. அதைவிட மோசம், டிக்கெட் வாங்கும்போது வங்கி அனுப்பும் ஓ.டி.பி. உங்கள் ஊர் எண்ணுக்குப் போவது. ரோமிங் இல்லாத சிம்மை வைத்துக்கொண்டு கார்டு வேலை செய்யவில்லை என்று நினைப்போம். வேலை செய்யாதது சிம்.

கவுண்டருக்கோ மெஷினுக்கோ போங்கள். கார்டைச் செருகிப் பின் எண் போட்டால் ஓ.டி.பி. தேவைப்படாது. வெளிநாட்டில் பயன்படுத்த வங்கியின் ஆப்பில் கார்டைத் திறந்துவைத்திருக்கிறீர்களா என்பதை மட்டும் கிளம்பும் முன் பார்த்திருக்க வேண்டும். டிக்கெட்டை ஏற்கெனவே வாங்கியிருந்தால் அதை ஆப்பில் மட்டும் வைக்காமல் பிடிஎஃப் ஆகவும் சேமித்து, முடிந்தால் ஒரு தாளிலும் வைத்திருங்கள். பத்து மணி நேரம் பறந்த போனில் சார்ஜ் இருக்காது.

கடிகாரத்தையும் பாருங்கள். விமானப் பயன்முறையிலேயே இருக்கும் போன் பழைய ஊரின் நேரத்தைக் காட்டிக்கொண்டிருக்கும்.

## ஸ்டேஷன் எங்கே என்று தெரியவில்லை, அல்லது இரண்டு இருக்கிறது

ஃபிராங்க்ஃபர்ட்டில் உண்மையாகவே இரண்டு. முதல் டெர்மினலுக்கு அடியில் இருப்பது உள்ளூர், வட்டார வண்டிகளுக்கான ஸ்டேஷன். அதிலிருந்து கொஞ்சம் நடந்து போனால் 1999இல் திறந்த தொலைதூர ஸ்டேஷன். பிளாட்பாரம் 1 முதல் 3 வரை என்றால் முன்னது, 4 முதல் 7 வரை என்றால் பின்னது. டிக்கெட்டில் 'ஃபெர்ன்பான்ஹோஃப்' என்று இருந்தால் பின்னதற்குத்தான் போக வேண்டும். வேறு டெர்மினலில் இறங்கியவர்கள் முதலில் அங்கே வந்து சேர வேண்டும், அந்த நேரத்தையும் கணக்கில் சேருங்கள்.

சில இடங்களில் ஸ்டேஷன் தள்ளியிருக்கும். நியூயார்க்கின் ஜே.எஃப்.கே.யில் ஏர்டிரெய்ன் என்ற வண்டி டெர்மினல்களுக்குள் இலவசம். ஜமைக்கா அல்லது ஹோவர்டு பீச் ஸ்டேஷனில் வெளியேறும்போது காசு கேட்கும். லூட்டனில் 2023 முதல் கேபிளில் இழுக்கப்படும் ஒரு சிறு ரயில் விமான நிலையத்தையும் பார்க்வே ஸ்டேஷனையும் இணைக்கிறது.

பாசல் விமான நிலையம் தனி ரகம். அது பிரெஞ்சு மண்ணில் இருக்கிறது, ஆனால் ஸ்விஸ் பக்கம், பிரெஞ்சுப் பக்கம் என்று இரண்டு வெளிவாசல். ஸ்விஸ் வாசலில் வந்தால் 50ஆம் எண் பஸ் பாசல் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகும், அங்கிருந்து ஸ்விட்சர்லாந்து முழுவதும் ரயில். மியூலூஸ், ஸ்ட்ராஸ்பர்க் போகிறவர்கள் பிரெஞ்சு வாசலில் வந்து சேன் லூயி ஸ்டேஷனுக்குப் பஸ் பிடிக்க வேண்டும். ஜெனீவாவிலும் ஒரு பிரெஞ்சுப் பகுதி உண்டு. போர்டைப் படித்துவிட்டு வாசலைத் தாண்டுங்கள், கூட்டத்தின் பின்னாலேயே போகாதீர்கள்.

## டிக்கெட் இருக்கிறது, கேட் திறக்கவில்லை அல்லது அபராதம் கேட்கிறார்கள்

நான்கு காரணங்களில் ஒன்றாக இருக்கும்.

விமான நிலைய ஸ்டேஷனுக்கென்று தனிக் கட்டணம் உண்டு, உங்கள் டிக்கெட்டில் அது சேரவில்லை. பிரஸ்ஸல்ஸில் அதற்கு 'டியாபோலோ' என்று பெயர். ஸ்டாக்ஹோமின் ஆர்லாண்டாவிலும் சிட்னியிலும் இப்படி உண்டு. விமான நிலையம் என்று குறிப்பிட்டு வாங்கிய டிக்கெட்டில் பொதுவாகச் சேர்ந்தே இருக்கும். பாஸ் வைத்திருப்பவர்களும், நகர டிக்கெட்டோடு வருகிறவர்களும்தான் மாட்டுகிறார்கள். கவுண்டரில் கூடுதல் தொகை கட்டினால் தீர்ந்தது.

உள்ளே நுழையும்போது கார்டு, வெளியே வரும்போது போன். லண்டனில் ஒரே வங்கிக் கார்டாக இருந்தாலும், போனில் ஏற்றியதும் பிளாஸ்டிக்கும் இரண்டு வெவ்வேறு கார்டுகளாகத்தான் கணக்கு. இரண்டிலும் அதிகபட்சக் கட்டணம் பிடிப்பார்கள். எதைக் காட்டி உள்ளே போனீர்களோ அதையே காட்டி வெளியே வாருங்கள். நெதர்லாந்தில் வேறு கம்பெனி ரயிலுக்கு மாறும்போது பழையதில் வெளியேறி, புதியதில் நுழைந்ததாகப் பதிய வேண்டும். அங்கே ஒரே பிளாட்பாரத்தில் கார்டைக் காட்டிப் பதிகிற கம்பம் கம்பெனிக்கு ஒன்றாக இரண்டு நிற்கும், லோகோவைப் பாருங்கள்.

முத்திரை குத்தவில்லை. இத்தாலியில் வட்டார ரயிலுக்கான காகித டிக்கெட்டை ஏறும் முன் பிளாட்பாரத்தில் உள்ள சின்ன மெஷினில் செருகி முத்திரை குத்த வேண்டும். காசு கொடுத்து வாங்கிய டிக்கெட்தான், இருந்தாலும் முத்திரை இல்லாவிட்டால் அபராதம்.

நான்காவது, டிக்கெட் முழுசாக இல்லை. ஜப்பானில் அதிவேக வண்டிக்குப் பயணக் கட்டணம் ஒன்று, எக்ஸ்பிரஸ் கட்டணம் வேறொன்று. சில நேரம் இரண்டு சீட்டாக வரும், இரண்டையும் சேர்த்தே கேட்டில் செருக வேண்டும். பிரான்சின் அதிவேக வண்டிகளில் பாஸ் இருந்தாலும் இருக்கைப் பதிவு கட்டாயம்.

## ஏறிவிட்டேன், தப்பான வண்டியோ என்று பயமாக இருக்கிறது

பதறி இறங்காதீர்கள். அடுத்த ஸ்டேஷன் பெயரைப் பாருங்கள். கோபன்ஹேகன் விமான நிலையத்திலிருந்து அடுத்து 'ஹில்லி' என்று வந்தால் நீங்கள் 2000இல் திறந்த ஒரேசுண்ட் பாலத்தைக் கடந்து ஸ்வீடனில் இருக்கிறீர்கள். மால்மோ போகிறவருக்கு அது நல்ல செய்தி. டென்மார்க்குக்குள் போகிறவர் அங்கே இறங்கி எதிர் வண்டி பிடிக்க வேண்டும்.

தப்பு என்று உறுதியானால், ஆள் இல்லாத சின்ன ஸ்டேஷனில் இறங்காமல் அடுத்த பெரிய ஸ்டேஷன் வரை போவது மேல். அங்கேதான் கவுண்டர் இருக்கும், திரும்பும் வண்டியும் அடிக்கடி இருக்கும். டிக்கெட் பரிசோதகர் உங்களிடம் வரும் வரை காத்திருக்காமல் நீங்களே போய்ச் சொல்லுங்கள். தானாக வந்து கேட்டவரிடம் நடந்துகொள்வதும், சிக்கியவரிடம் நடந்துகொள்வதும் ஒன்றாக இருக்காது.

வண்டி சரி, பெட்டி தப்பு என்பதும் உண்டு. நடுவழியில் இரண்டாகப் பிரிந்து வேறு வேறு ஊருக்குப் போகும் வண்டிகள் பல நாடுகளில் ஓடுகின்றன. பிளாட்பார போர்டில் ஒரே வண்டிக்கு இரண்டு ஊர் பெயர் இருந்தால் முன்பகுதியா பின்பகுதியா என்று பாருங்கள். பெரும்பாலும் ஒவ்வொரு பெட்டியின் வெளியிலும் போகும் ஊர் எழுதியிருக்கும்.

நெவார்க்கிலிருந்து நியூயார்க் போகிறவர்களுக்கு மட்டும் ஒன்று: இரண்டு ஊரிலும் பென் ஸ்டேஷன் இருக்கிறது. முதலில் வருவது நெவார்க்கின் பென் ஸ்டேஷன். பாதி வண்டி எழுந்தாலும் நீங்கள் எழாதீர்கள்.

## விமானம் தாமதம், என் ரயில் போகப் போகிறது

இங்கே வரிசை முக்கியம். பல டிக்கெட்டுகளை வண்டி கிளம்பும் முன் மாற்றலாம், கிளம்பிய பிறகு முடியாது. அதனால் முதல் வேலை, விமானம் ஓடுபாதையில் ஊர்ந்துகொண்டிருக்கும்போதே போனைத் திறந்து மாற்ற முடியுமா என்று பார்ப்பது. இமிகிரேஷன் தாண்டி ஓடிப்போய்ப் பிடித்துவிடலாம் என்று நம்பி அந்தப் பத்து நிமிடத்தை வீணாக்குகிறவர்களில் நானும் ஒருவனாக இருந்திருக்கிறேன்.

மாற்ற முடியாத டிக்கெட் என்றால் கவுண்டரில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள், விமானச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு. உரிமை இல்லை, ஆனால் கேட்பதில் நஷ்டமும் இல்லை. ஜப்பானில் ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலில் பதிவு செய்த வண்டியைத் தவறவிட்டால், அதே நாளில் பின்னால் வரும் வண்டியின் பதிவில்லாப் பெட்டியில் அதே டிக்கெட்டில் போகலாம். முழுவதும் பதிவு இருக்கை கொண்ட வண்டியா என்று மட்டும் விசாரியுங்கள்.

தவறியதற்குக் காரணம் இன்னொரு ரயிலின் தாமதமாக இருந்தால் கதை முழுக்க வேறு. ஒரே பதிவில் வாங்கிய இரண்டு ரயில்களில் முதலாவது தாமதித்து இரண்டாவது தவறினால், ஐரோப்பாவில் அவர்களே உங்களை அனுப்பிவைக்க வேண்டும். ரயிலுக்குள் நடந்த தாமதத்துக்கு எழுத்தில் ஓர் உறுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

## கடைசி வண்டியும் போய்விட்டது

ஷின்கான்சென் நள்ளிரவிலிருந்து காலை 6 மணி வரை ஓடவே ஓடாது, எங்கே கேட்டாலும் கிடையாது. அப்படிப்பட்ட நேரத்தில் பாதி தூரமாவது போய்விடலாம் என்று ஆசை வரும். போகாதீர்கள். இரவு ஒரு மணிக்கு முன்பின் தெரியாத ஜங்ஷனில் இறங்கினால் கதவு மூடிய ஸ்டேஷனும் ஒரு டாக்சியும்தான் இருக்கும், டாக்சியும் சில நேரம் இருக்காது.

முதலில் இரவுப் பஸ் உண்டா பாருங்கள். ரயில் தூங்குகிற நேரத்தில் ஓடுவதற்கென்றே சில விமான நிலையங்களிலிருந்து வெளியூர்ப் பஸ்கள் இருக்கின்றன. இல்லையென்றால் விமான நிலையத்திலேயே இருங்கள், அல்லது அதை ஒட்டிய அறையை எடுத்துக்கொண்டு முதல் வண்டிக்கு எழுந்திருங்கள். விமான நிலையம் இரவில் பூட்டப்படுமா என்று தகவல் மேசையில் கேளுங்கள். எல்லாம் 24 மணி நேரமும் திறந்திருப்பதில்லை. விமானத்தின் தாமதத்தால் இந்த நிலைமை என்றால், வெளியே வருவதற்கு முன்பே அந்தக் கம்பெனியின் மேசைக்குப் போய் அறை தருவீர்களா என்று கேட்டுவிடுங்கள். வெளியே வந்த பிறகு அந்த மேசையைத் தேடிப் போவது கஷ்டம்.

## பெட்டியை எங்கே வைப்பது?

ஜப்பானில் டோக்காய்டோ, சான்யோ, கியூஷு ஷின்கான்சென்களில் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 160 சென்டிமீட்டரைத் தாண்டும் பெட்டிக்கு, அதற்கென்று உள்ள இருக்கையைப் பதிவு செய்ய வேண்டும். 250ஐத் தாண்டினால் ஏற்றவே முடியாது. அங்கே பெட்டியை மட்டும் விமான நிலையத்திலிருந்து தங்குமிடத்துக்கு அனுப்பிவைக்கும் சேவை இருக்கிறது, பெரும்பாலும் மறுநாள் வந்துவிடும். ஒரு கைப்பையோடு ரயில் ஏறலாம்.

மற்ற இடங்களில் ஏறும்போதே ரயில் பெட்டியின் முனையில் உள்ள சாமான் அடுக்கைப் பிடியுங்கள். பஸ்ஸாக இருந்தால், அடியறையில் போடும்போது எந்த ஊர் என்று ஓட்டுநரிடம் சொல்லிவிடுங்கள். சில பஸ்களில் ஊருக்கு ஒரு பக்கக் கதவு.

## ஸ்டேஷனுக்கு வந்தால் ரயிலே ஓடவில்லை

வேலைநிறுத்தமா, தண்டவாளப் பராமரிப்பா என்று பாருங்கள். வேலைநிறுத்தம் என்றால் வெளியூர்ப் பஸ்தான் வழி, அதை உடனே பதிவு செய்யுங்கள். அரை மணியில் இருக்கைகள் தீர்ந்துவிடும். பராமரிப்பு என்றால் மாற்றுப் பஸ் விட்டிருப்பார்கள், ரயில் டிக்கெட்டே செல்லும். அந்தப் பஸ் வழக்கமான நிறுத்தத்தில் நிற்காமல் ஸ்டேஷன் முன்புறத்தில் எங்கோ ஒரு தற்காலிகப் பலகையின் அடியில் நிற்கும். ஜெர்மனியில் 'எஸ்.இ.வி.' என்ற மூன்றெழுத்தைத் தேடுங்கள்.

## ஊர் வந்துவிட்டது, ஆனால் ஊரைக் காணோம்

வெனிஸில் மெஸ்த்ரே என்று வந்தால் நீங்கள் இன்னும் நிலப்பக்கம்தான் இருக்கிறீர்கள். தண்ணீருக்கு நடுவில் உள்ள பழைய நகரத்துக்கு சாந்தா லூச்சியா வரை போக வேண்டும். ஷின்கான்சென் நிற்பது ஷின் ஒசாகாவில். ஒசாகா ஸ்டேஷன் அதற்கு அடுத்தது, உள்ளூர் வண்டியில் ஒரு நிறுத்தம். பிரான்சில் ஊரின் பெயரோடு அதிவேக ரயிலைக் குறிக்கும் 'தெ.ஜே.வே.' சேர்ந்து வந்தால் ஸ்டேஷன் ஊருக்கு வெளியே இருக்கலாம் என்று எதிர்பாருங்கள். அவிஞ்ஞோனில் இறங்கியவர்கள் அங்கிருந்து ஊருக்கு நடுவில் உள்ள ஸ்டேஷனுக்கு இன்னொரு குட்டி ரயில் பிடிக்க வேண்டும், ஐந்தாறு நிமிடம்தான்.